‘ரன்’ பதிவுக்காகவே சந்தா கட்டலாம்: ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இணையப் பதிப்பு

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். இயந்திரங்களோடு வரும் கையேடுகள், ஒப்பந்தங்கள், உத்தரவாதப் பத்திரங்கள், எப்போதாவது ஒரு ஆவணப்படத்துக்கு வசன வரிகள் என்று வேலை வரும். இதில் பெரிய சொற்கள் ஒருநாளும் சிரமம் கொடுத்ததில்லை. நீளமான மருத்துவச் சொல்லுக்கோ பொறியியல் சொல்லுக்கோ பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும், தேடினால் கிடைத்துவிடும். மூன்றே எழுத்தில் எழுதப்படும் சொற்கள்தான் ஆளை உட்கார வைத்துவிடும். ரன், செட், புட், கெட். அதிலும் ‘ரன்’ தனி ரகம்.

அதனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இணையப் பதிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, மொத்த அகராதியையும் அளக்க முயலாமல் ‘ரன்’ என்ற ஒரு பதிவை, அதாவது அந்த ஒரு சொல்லுக்கு அகராதி தரும் முழு விளக்கத்தை, வைத்தே எழுதலாம் என்று முடிவு செய்தேன். ஒரு அகராதி எப்படிப்பட்டது என்பது அபூர்வமான சொல்லில் தெரியாது. எல்லோரும் எல்லா நேரமும் புழங்கும் சொல்லை அது எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் தெரியும்.

‘ரன்’ இந்த அகராதியில் வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்களோடு இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்குத் தனிப் பதிவு. 1989-ல் 20 தொகுதிகளாக அச்சில் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’தான், அதன் வினைக்கு 430 பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்கள். ஒரு நாவல் அளவுக்கு ஒரே சொல்லின் விளக்கம். பிறகு 2000-ல் அகராதி இணையத்துக்கு வந்து, மூன்றாம் பதிப்புக்காகத் திருத்திய பதிவுகள் ‘எம்’ எழுத்திலிருந்து வெளிவரத் தொடங்கின. அப்போது ‘மேக்’ முந்தியது, அப்புறம் ‘புட்’ முந்தியது, 2011-ல் ‘ரன்’ எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. அந்தப் பதிவைத் திருத்தியவர் பீட்டர் கில்லிவர். ஒரு சொல்லுக்கு ஒன்பது மாதம் உழைத்திருக்கிறார். அந்த உழைப்பு பதிவைத் திறந்த உடனேயே தெரிகிறது.

645 என்ற எண்ணைக் கேட்டதும் பலரும் மிரண்டு போவார்கள். இத்தனை பொருளை யார் படிப்பது, எப்படி நினைவில் வைப்பது என்று தோன்றும். படிக்கத் தொடங்கினால் அந்தப் பயம் போய்விடும். காரணம், இந்த அகராதி பொருள்களை அடுக்கும் முறை. அதிகம் புழங்கும் பொருளை முதலில் வைப்பது மற்ற பல அகராதிகளின் வழக்கம். இங்கே காலம்தான் வரிசை. ஒவ்வொரு பொருளின் கீழும் அது எழுத்தில் கிடைத்த மிகப் பழைய மேற்கோள், ஆண்டோடு நிற்கும். அதன் கீழே நூற்றாண்டு நூற்றாண்டாக இன்றுவரை வரும் மேற்கோள்கள். செயப்படுபொருள் இல்லாத பயன்பாடுகள் ஒரு பெரிய கிளை, செயப்படுபொருள் ஏற்பவை இன்னொரு பெரிய கிளை, கடைசியில் ‘ரன் அவுட்’, ‘ரன் இன்டூ’, ‘ரன் ஓவர்’ போன்ற கூட்டு வினைகள். மேலிருந்து கீழே வரும்போது ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருள் எப்படிக் கிளைத்தது என்பது கண்முன்னே நடக்கும்.

காலால் விரைவது, நீர் பாய்வது இரண்டும் பழைய ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. நீர் பாயும் என்றானதும் மூக்கு ஒழுகுவது, மெழுகு வழிவது, சாயம் கலங்கிப் பரவுவது எல்லாம் பின்னாலேயே வந்துவிடுகின்றன. கப்பல் காற்றோடு விரைகிறது, தரை தட்டுகிறது. சாலை மலையை ஒட்டிச் செல்கிறது; சாலை அசைவதில்லை, ஆனால் அதைப் பார்க்கும் கண் அதன் வழியே ஓடுகிறது. காலம் ஓடுகிறது, எனவே ஒப்பந்தம் இத்தனை ஆண்டு ‘ரன்’ ஆகிறது, நாடகம் இத்தனை வாரம் ‘ரன்’ ஆகிறது. இயந்திரங்கள் பெருகிய பிறகு இந்தச் சொல்லுக்குப் புது உயிர் வந்திருக்கிறது. ரயில், கடிகாரம், மோட்டார், கடைசியில் கணினி நிரல்வரை எல்லாம் ‘ரன்’ ஆகத் தொடங்குகின்றன. பதிவு இவ்வளவு பெருத்ததற்கு இந்த இயந்திரக் காலம் ஒரு முக்கியக் காரணம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சொற்பிறப்பு. ‘ரன்’ உண்மையில் ஒரு சொல்லே கிடையாது. இரண்டு வினைகள் கலந்து ஒன்றானது. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்று ஒரு வினை இருந்தது: தானே ஓடுவது, பாய்வது. ‘அர்னன்’ என்று இன்னொன்று: ஓடச் செய்வது, குதிரையை விரட்டிச் செல்வது. ஜெர்மன் மொழி இந்த இரண்டையும் இன்றுவரை பிரித்தே வைத்திருக்கிறது. அங்கே ‘ரின்னன்’ என்றால் வழிந்தோடுவது, ‘ரென்னன்’ என்றால் விரைந்து ஓடுவது. இந்த இரண்டாவது, ஓடச் செய்யும் வினையின் வழியில் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே உருவம் ஆகிவிட்டன.

தமிழ் படித்தவருக்கு இதைத் தனியாக விளக்கவே தேவையில்லை. ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. எழு, எழுப்பு. தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த ஏற்பாடு பரவலாக இருந்தது. ‘ஃபால்’ விழு, ‘ஃபெல்’ வீழ்த்து. ‘லை’ கிட, ‘லே’ கிடத்து. ‘சிட்’ அமர், ‘செட்’ அமர்த்து. ‘ரன்’ விஷயத்தில் அந்த வேறுபாடு அழிந்து போய், ஓடுவதும் ஓட்டுவதும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. ஒரு நிறுவனம் ‘ரன்’ ஆகிறது, ஒருவர் அதை ‘ரன்’ செய்கிறார்.

இது தெரிந்த பிறகு என் வேலை முறையே மாறியது. இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்தில் ‘ரன்’ வந்தால் முதலில் பார்ப்பது இதைத்தான்: இது ஓடுவதா, ஓட்டுவதா? அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தண்ணீர் வடிகட்டிக் கையேடுகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி வரும்: ‘ரன் த டேப் அன்டில் த வாட்டர் ரன்ஸ் க்ளியர்’. ஒரே வரியில் இரண்டு ‘ரன்’. முதலாவது பழைய ‘அர்னன்’ செய்த வேலை, நீரை ஓடச் செய்வது. இரண்டாவது பழைய ‘ரின்னன்’, நீர் தானாக ஓடுவது. தமிழில் எழுதினால் ‘தண்ணீர் தெளிந்து வரும்வரை குழாயைத் திறந்து விடுங்கள்’ என்றாகும். ஓடு என்ற சொல்லும் இல்லை, ஓட்டு என்ற சொல்லும் இல்லை. ஆனால் ‘வரும்’ தன்வினை, ‘திறந்து விடு’ பிறவினை. கணக்கு சரியாக நேராகிறது.

அதே கையேட்டில் கம்பி பலகைக்குப் பின்னால் ‘ரன்’ ஆகும், கம்பியைப் பலகைக்குப் பின்னால் ‘ரன்’ செய்யவும் சொல்வார்கள். முன்னது ‘செல்கிறது’, பின்னது ‘இழுத்துச் செல்லுங்கள்’. மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடக் கூடாது. மின்கலத்தில் சார்ஜ் தீரக் கூடாது. உத்தரவாதம் வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு செல்லும். எல்லாம் ‘ரன்’. ஒப்பந்தங்களுக்குப் போனால் நிலத்தோடு ‘ரன்’ ஆகும் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டு. நிலம் யார் கைக்கு மாறினாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடேயே கூடப் போகும் என்று பொருள். இதைக் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு அகராதிச் செயலியில் தேடியபோது கிடைத்த விடை ‘ஓடுதல்’. ஆக்ஸ்ஃபோர்டு பதிவில் சட்ட வழக்கு என்ற குறிப்போடு, கூடவே செல்வது, நடைமுறையில் தொடர்வது என்ற கிளையைப் பார்த்தபோது ‘நிலத்தைத் தொடர்ந்து செல்லும்’ என்று எழுதத் துணிவு வந்தது.

உருவ வரலாறும் இங்கே அழகாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்பதைவிட ‘இர்னன்’ என்ற வடிவம்தான் அதிகம். எழுத்து இடம் மாறியிருக்கிறது. நம் இலக்கணத்தில் தசை–சதை, விசிறி–சிவிறி என்று எடுத்துக்காட்டுவார்களே, அதே வகை. ஆங்கிலத்தில் பறவையைக் குறிக்கும் ‘பேர்ட்’ ஒரு காலத்தில் ‘ப்ரிட்’ ஆக இருந்தது. ‘ரன்’ பிறகு பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. அப்புறம் அந்த உயிரொலி. ‘சிங், சேங், சங்’ என்று மாறுவதுபோல ‘ரின், ரேன், ரன்’ என்றுதான் இருந்திருக்க வேண்டும். கடைசி வடிவத்தின் உயிரொலி மெல்ல நிகழ்காலத்துக்கும் ஏறிவிட்டது. ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘ரின்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. பாலைத் திரிய வைக்கும் ‘ரென்னட்’ என்ற பொருளின் பெயரும் இதே குடும்பம். நீர்மம் ஓடி ஒன்று சேர்வது என்ற எண்ணம்.

பெயர்ச்சொல் பதிவை இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை, ஆனால் அங்கேயும் சுவைக்கு நிறைய இருக்கிறது. கிரிக்கெட்டில் நாம் நாள் முழுக்கச் சொல்லும் ‘ரன்’ அதில் ஒன்று. அந்த ஆட்டத்தின் தொடக்கக் காலத்தில் எண்ணிக்கையைக் குச்சியில் வெட்டிக் குறித்ததால் ‘நாட்ச்’ என்றே சொன்னார்கள். வெட்டுக்குறி என்று பொருள். பிறகு குறியின் பெயர் போய், அதற்காக ஓடிய ஓட்டத்தின் பெயர் நின்றுவிட்டது. வங்கியில் போட்ட பணம் போய்விடும் என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்கப் பாய்வதும் ‘ரன்’தான். அச்சகத்தில் ஒரு தடவையில் அடிக்கும் பிரதிகளும், காலுறையில் இழை நழுவிக் கோடாகப் பிரிவதும் அப்படியே. தேர்தலில் நிற்பதை அமெரிக்கர் ‘ரன்’ என்கிறார்கள், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ என்கிறார்கள். நம் தமிழ் இந்த விஷயத்தில் பிரிட்டன் பக்கம், நாம் நிற்கிறோம்.

‘ரன்’ சேர்ந்து வரும் தொடர்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ‘ரன் த காண்ட்லெட்’. ‘காண்ட்லெட்’ என்றால் இரும்புக் கையுறை என்பதால் பலரும் கையுறையோடு முடிச்சுப் போடுவார்கள். இது வேறு சொல். ஸ்வீடிஷ் மொழியின் ‘காட்லோப்’ என்பதிலிருந்து வந்தது. ‘காட்டா’ தெரு, ‘லோப்’ ஓட்டம். இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று அடிக்க, நடுவே குற்றவாளி ஓட வேண்டிய தண்டனை. கையுறையின் உருவம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஆவணப்படம் ஒன்றுக்கு வசன வரி எழுதும்போது இந்தத் தொடர் வந்தது. இரண்டு பக்கத்து அடிக்கும் நடுவே ஓடும் காட்சிதான் அதற்குள் இருக்கிறது என்று தெரிந்திருந்ததால், ‘இரு பக்க அடியையும் வாங்கிக்கொண்டு கடந்தார்கள்’ என்று எழுத முடிந்தது.

‘செட்’ பற்றியும் கொஞ்சம். வினையாக அது ‘சிட்’ என்பதன் பிறவினை என்று மேலே சொன்னேன். அமர்த்துவது, வைப்பது, பொருத்துவது, நாள் குறிப்பது, பொறி வைப்பது, சிமென்ட் இறுகுவது, சூரியன் இறங்குவது. இதன் வேர் வெகு தூரம் போகிறது. லத்தீனின் ‘செடேரே’ வழியாக ‘செஷன்’, ‘பிரசிடென்ட்’, ‘செடிமென்ட்’ எல்லாம் உறவு. கூடு என்ற பொருளில் வரும் ‘நெஸ்ட்’ உறவு, அமரும் இடம். சம்ஸ்கிருதத்தில் குருவின் அருகே அமர்வதைச் சொல்லும் ‘உபநிஷத்’ என்பதிலும் அதே வேர் இருக்கிறது. ஆனால் ‘ஒரு செட்’ என்று தொகுதியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லின் கதை வேறு. அது பழைய பிரெஞ்சு ‘செட்’ வழியாக லத்தீனின் ‘செக்டா’ என்பதிலிருந்து வந்தது. பின்பற்றுவோர் கூட்டம் என்று பொருள், ‘செக்ட்’ என்ற சொல்லின் உடன்பிறப்பு. எழுத்தில் ஒன்றாகத் தெரிந்ததால் வினையின் பொருளும் அதற்குள் கலந்துவிட்டது. ஒரே வடிவத்துக்குள் இரண்டு குடும்பங்கள் குடியிருப்பதை இந்த அகராதி பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறது.

இந்தப் பொறுமைக்குப் பின்னால் பெரிய வரலாறு உண்டு. லண்டன் மொழியியல் சங்கம் 1857-ல் தொடங்கிய யோசனை. 1879-ல் ஜேம்ஸ் மரே ஆசிரியரானார். பத்தே ஆண்டில் முடிப்பதாகத் திட்டம். 1884-ல் முதல் பகுதி வந்தபோது ‘ஆன்ட்’ என்ற சொல்வரைதான் வந்திருந்தார்கள். முதல் பதிப்பு முழுமையானது 1928-ல். மரே 1915-லேயே காலமாகிவிட்டார். தன்னார்வ வாசகர்கள் தாங்கள் படித்த நூல்களிலிருந்து வரிகளைச் சிறு சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள், இலட்சக்கணக்கான சீட்டுகள். இன்று திரையில் ஒரு பொருளின் கீழே விரியும் மேற்கோள் வரிசையில் பல, அப்படி யாரோ ஒருவர் விளக்கொளியில் கையால் எழுதி அனுப்பியவை. அதை நினைத்தால் எனக்கு அந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டவே மனம் வராது.

அச்சில் 20 தொகுதிகளையும் அடுக்கினால் 60 கிலோவுக்கு மேல் எடை. ஒரு பக்கத்தில் பல பக்கங்களைச் சுருக்கி அச்சிட்டு, படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொடுத்து ஒரு பதிப்பு வந்ததுண்டு. ‘ரன்’ போன்ற பதிவை அப்படிப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. இணையத்தில் மேற்கோள்களை மறைக்கலாம், விரிக்கலாம். ஒரு பொருளிலிருந்து வரலாற்று நிகண்டுக்குத் தாவி, அதே எண்ணத்தை வேறு காலத்தில் எந்தெந்தச் சொற்களால் சொன்னார்கள் என்று பார்க்கலாம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2009-ல் வெளியிட்ட அந்த நிகண்டு இதோடு இணைந்திருப்பது பெரிய வசதி. இயந்திரத்தை ‘ரன்’ செய்வது என்ற இடத்திலிருந்து தாவினால் அந்த எண்ணத்துக்கான சொற்களின் வரிசையே கிடைக்கும்.

சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. திருத்தம் இன்னும் முடியவில்லை. எல்லாப் பதிவும் ‘ரன்’ அளவுக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சில பதிவுகளின் அடித்தளம் இன்னும் மரே காலத்து உரைநடை. ஒவ்வொரு பதிவிலும் அது எப்போது வெளியானது, எப்போது திருத்தப்பட்டது என்று போட்டிருப்பார்கள். அதை முதலில் பாருங்கள். இன்னொன்று, அந்த முதல் மேற்கோளின் ஆண்டு. அது எழுத்தில் இதுவரை கண்டெடுத்த ஆண்டு மட்டும்தான். மக்கள் வாயில் அதற்கு வெகு முன்பே அந்தப் பொருள் புழங்கியிருக்கலாம். இன்ன சொல் இன்ன ஆண்டில் பிறந்தது என்று இந்த அகராதியைக் காட்டி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இன்னும் பழைய சான்று யாராவது கண்டுபிடித்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆண்டு பின்னே நகரும். முதல் பதிப்பின் சான்றுகளில் புகழ்பெற்ற ஆண் எழுத்தாளர்களின் கை ஓங்கியிருந்தது, ஷேக்ஸ்பியர் மிக அதிகம் என்பதும் எல்லோரும் அறிந்த குறை. திருத்திய பதிவுகளில் செய்தித்தாள், கடிதம், நாட்குறிப்பு என்று வலை அகலமாக விழுகிறது.

அவசரத்துக்கு இது சரிப்படாது. ஒரு சொல்லின் இன்றைய பொருள் மட்டும் வேண்டும் என்றால் காலவரிசை குறுக்கே நிற்கும். வழக்கொழிந்த பொருள்கள் முதலில் வந்து நிற்கும். அதற்கு மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதியின் தளம் போதும், அது இலவசம். பிறப்பு மட்டும் ஒரு பத்தியில் வேண்டுமா, டக்ளஸ் ஹார்ப்பர் என்ற தனிமனிதர் கட்டிய எடிமாலஜி இணைய அகராதியைப் பாருங்கள். ‘ரன்’ இரண்டு வினைகளின் கலவை என்பதை அதுவும் தெளிவாகச் சொல்லும், காசும் இல்லை. அதை நான் மதிக்கிறேன், தினமும் திறக்கிறேன். ஆனால் அங்கே கிடைப்பது முடிவு. இங்கே கிடைப்பது சான்று. வாடிக்கையாளர் ஒருவர் ‘ஏன் இந்த இடத்தில் ஓட்டு என்று போடவில்லை’ என்று கேட்டால், எனக்குத் தேவைப்படுவது சான்று.

பணம் கட்டாமலே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சுருக்கப் பக்கம் பார்க்கக் கிடைக்கிறது. உச்சரிப்பு, தோராயமான வரலாறு, எவ்வளவு புழங்குகிறது என்ற அளவு எல்லாம் அதில் இருக்கும். முழுப் பதிவுக்கும் மேற்கோள்களுக்கும் சந்தா வேண்டும். சொந்தமாகக் கட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம் செய்யுங்கள். பல பல்கலைக்கழகங்களும் பொது நூலகங்களும் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட சில நூலகங்களின் உறுப்பினர் அட்டை எண்ணைப் போட்டாலே வீட்டிலிருந்து முழுதாகப் படிக்கலாம். உங்கள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், ‘ரன்’ பதிவின் சொற்பிறப்புப் பகுதியை முதலில் படித்துவிட்டு, அப்புறம் செயப்படுபொருள் ஏற்கும் கிளைக்குள் போங்கள்.